வந்தது வந்தபடி

சிவகிரி கைலாசநாத பிள்ளை சங்கரன்கோவிலுக்கு பஸ்ஸில்தான் வந்தார். ஆனால் சம்பந்தி வீட்டு வாசலில் குதிரை வண்டியிலிருந்துதான் இறங்கினார். தெருமுக்கிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, வேட்டியை உதறிக் கட்டி, அங்கவஸ்திரத்தை மடிப்புக் கலையாமல் தோளில் போட்டு, வேப்பமர நிழலில் தூங்கிக்கொண்டிருந்த ஜட்காக்காரனைத் தட்டி எழுப்பி, கூப்பிடு தூரத்துக்குச் சவாரி பேசி ஏறினதை, பூ வாங்கப் போன வேலைக்காரி அன்னக்கிளி பார்த்துவிட்டாள்.

"ஒங்க அப்பா வாராவம்மா. முக்குல பஸ்ஸை விட்டு எறங்கி, குதிரையில வாராவ" என்று அவள் அடுக்களைக்குள் வந்து சொன்னதும் சண்முகசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்குக் கார் சீர் கொடுத்த மனுஷர் பஸ்ஸில் வந்து இறங்கினால் அந்தக் காருக்கு என்ன மரியாதை? சிரிப்பு வந்த சுருக்கிலேயே போயும்விட்டது. எப்படி வந்தால் என்ன, திரும்பிப் போகும்போது தன்னையும் கூட்டிக்கொண்டு போனால் சரி. விடியுமுன்னே எழுந்து பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள்.

தை பிறந்ததும் அவள் புருஷன் குற்றாலநாதனுக்கு ரெண்டாம் கல்யாணம். பெண் இளையரசனேந்தல் பக்கம். பகவதி என்று பேர், பதினேழு வயசு. சுந்தரியின் வயிற்றில் ரெண்டு தடவை தங்கினது நிலைக்கவில்லை. அதற்கப்புறம் தங்கவே இல்லை. எட்டு வருஷம் பொறுத்துப் பார்த்த வீடு இன்னும்கூடப் பொறுத்திருக்கும். ஆனால் ஒருத்தன் ரெண்டு பெண்டாட்டி கட்டக்கூடாது என்று மெட்ராஸில் சட்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேப்பரில் போட்டதிலிருந்து மாமனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமனார் சங்கரசுப்பிரமணிய பிள்ளை பெஞ்சுக் கோர்ட்டில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். விளக்கில்லாமல் சைக்கிள் விட்டவனுக்கும் தெருவில் அசிங்கம் பண்ணினவனுக்கும் எட்டணா, ஒரு ரூபாய் என்று அபராதம் போட்டவர். அந்தப் பதவி போய் மூணு வருஷம் ஆகியும் வீட்டில் கோர்ட்டு கலையவில்லை. சாம்பாரில் உப்புக் கூடினால்கூட "இதை ரிக்கார்டு பண்ணணும்" என்பார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷர். அதனால்தான் சட்டம் வருவதற்குள் மகனுக்குக் கல்யாணத்தை முடித்துவிட அவசரப்பட்டார்.

சுந்தரி அழவில்லை, கிணற்றில் விழப் போகவில்லை. புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீங்க யாரை வேணும்னாலும் கெட்டுங்க. அவளுக்கு ஆரத்தி கரைச்சு, மெத்தை விரிச்சு வைக்க என்னால ஆகாது. அதுக்கு முந்தி என்னைய எங்க வீட்டுல விட்டிருங்க." குற்றாலநாதன் எதையும் தானாக முடிவு செய்து பழகாதவன். அப்பாவிடம் சொன்னான். அவரும் யோசித்துவிட்டு, ஒரு வயிறு குறையட்டும் என்று சம்மதித்து சிவகிரிக்கு ஆள் அனுப்பினார்.

ஆனால் பெண் மட்டும் புறப்பட்டுப் போய்விட முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண்ணைத் திருப்பி அனுப்பினால் பெண்ணோடு வந்த சீரும் திரும்ப வேண்டும். கல்யாணத்தன்றைக்கே பெரியவர்கள் சபையில் உட்கார்ந்து, "அப்படி ஒரு நிலைமை வரவேண்டாம், வந்தா, வந்தது வந்தபடி" என்று சொல்லி வெற்றிலை மாற்றியிருந்தார்கள். சீர் இல்லாமல் வந்த பெண்ணுக்கு சிவகிரி வீட்டில் என்ன இடம் என்பது சுந்தரிக்குத் தெரியும். அவள் அப்பாவின் தங்கை ஒருத்தி புருஷன் வீட்டிலிருந்து கட்டின சேலையோடு ஓடி வந்தவள். மாட்டுத்தொழுவை ஒட்டின அறையில், வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினதைச் சாப்பிட்டு, இருபது வருஷம் இருந்து செத்தாள். இன்றைக்கு வரைக்கும் அந்த வீட்டில் அவள் பேரை யாரும் சொல்வது கிடையாது.

ஆகையால், சீர் முழுசாகத் திரும்பினால் சுந்தரி தலைநிமிர்ந்து போகலாம். இல்லாவிட்டால் போக முடியாது.

காலையிலேயே ஆசாரி வந்து நகைகளைத் தராசில் நிறுத்தார். நிறுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எட்டு வருஷத் தேய்மானம் கால் பவுனுக்கும் கம்மிதான்" என்றார்.

"கழுத்துல கிடந்தது தேயாம இருக்குமா? அதை நான் பெரிசுபடுத்தப் போறதில்லை" என்றார் கைலாசநாத பிள்ளை பெருந்தன்மையோடு. கல்யாணத்தன்றைக்கு இருந்ததைவிடத் தங்கம் இப்போது ரெண்டு மடங்குக்கு மேலே விற்கிறது. அந்த விஷயம் சிவகிரி வரைக்கும் இன்னும் வந்து சேராததுபோல அவர் முகத்தை வைத்துக்கொண்டார்.

பிறகு பாத்திரங்கள். வெண்கலப் பானை, பித்தளைக் குடம், குத்துவிளக்கு எல்லாம் தராசில் ஏறி இறங்கின. ஒரு குடம் மட்டும் நசுங்கியிருந்தது. "நசுங்கினாலும் எடை எடைதானே" என்று மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னார். அதுவும் ஒத்துக்கொள்ளப்பட்டது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுந்தரிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ரெண்டு மணி பஸ்ஸுக்கே போய்விடலாம்.

"காரு பின்னால புரையில நிக்கு. அதையும் எடுத்துக்கிடும்" என்றார் மாஜிஸ்திரேட்.

"என்ன விலைக்கு?"

"விலையா? விலை எங்கவே வந்தது? நீரு தந்த காரு, நீரே எடுத்துக்கிட்டுப் போறீரு."

"நான் தந்தது நாலாயிரத்து ஐநூறு ரூவா காரு."

"அதே காருதான் நிக்கு. வேணும்னா தராசுல ஏத்திப் பாரும். வெண்கலப் பானையாவது தேயும். அது எடையில ஒரு பலம் குறைஞ்சிருக்காது."

கைலாசநாத பிள்ளை ஒரு நிமிஷம் அசந்துதான் போனார். அவர் வீட்டிலும் அவர் பாட்டன் வீட்டிலும் சீரை எடை போட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள். காரை எடை போட்டால் சரியாகத்தான் இருக்கும்போல என்று அவர் கண் ஒரு தடவை தராசுப் பக்கம்கூடப் போய் வந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டார்.

"சம்பந்தி, என்னைய என்ன கேணப்பயன்னு நினைச்சீரா? வந்தது வந்தபடின்னா விலையும் வந்தபடி வரணும். ஒரு விவரம் தெரிஞ்சவனைக் கூப்பிட்டு விலை போடச் சொல்லும்."

விவரம் தெரிந்தவன் என்றால் ஊரில் மைதீன் பாட்சா ஒருத்தர்தான். ராஜபாளையம் ரோட்டில் பட்டறை வைத்து, கெட்டுப்போன லாரிகளை ஓட வைக்கிறவர். ஓடுகிற கார்களை வாங்கி விற்கிறவர். ரெண்டு பக்கமும் தரகு வாங்குவார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரெண்டு பக்கமும் வாங்குவதால் ஒரு பக்கம் சாய மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. ஆள் போன கால்மணியில் கையில் எண்ணெய்த் துணியோடு வந்துவிட்டார்.

புரை என்பது முன்னே மாட்டு வண்டி நின்ற இடம். அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. யுத்தம் முடிந்ததிலிருந்து கார் அங்கே தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தது. ஓட்டினால்தானே தேயும், ஓட்டாவிட்டால் விலை குறையாது என்று மாஜிஸ்திரேட் டிரைவரையும் நிறுத்திவிட்டார். ஆடித்தபசுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வெளியே வரும். குற்றாலநாதன் ஓட்ட, பெரியவர் பின்னால் உட்கார, ரதவீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடியும் போர்த்திக்கொள்ளும். உற்சவ மூர்த்திகூட வருஷத்தில் அதைவிட அதிக நாள் வெளியே வருவார்.

தார்ப்பாயை எடுத்ததும் ரெண்டு எலி ஓடின. பாட்சா மூடியைத் திறந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஆயிரத்து நானூறு" என்றார்.

"ஆயிரத்து நானூறு குறைச்சலா?" என்றார் கைலாசநாத பிள்ளை.

"குறைச்சல் இல்ல அண்ணாச்சி. விலையே அதுதான்."

கைலாசநாத பிள்ளை புரையின் தூணைப் பிடித்துக்கொண்டார். "ஏன் வே! நாலாயிரத்து ஐநூறு ரூவாயில மிச்சம் எங்கவே போச்சு? யாரு தின்னா?"

"ஒருத்தரு திங்கலை, பல பேரு தின்னிருக்காங்க. சொல்லுதேன் கேளுங்க. புது வண்டி, விக்கிற கடை வாசலை விட்டு ரோட்டுல சக்கரம் வச்சதுமே நாலுல ஒரு பங்கு போயிரும். ஓடித் தேஞ்சதுக்காக இல்ல. இனிமே அதைப் புதுசுன்னு சொல்ல முடியாதுல்லா, அதுக்காக."

"கல்யாணத்தன்னைக்கேயா?"

"அதுக்கும் முந்தி. மதுரையில வாங்கி மாலை போட்டு ஓட்டிக்கிட்டு வந்தீங்கள்லா? திருமங்கலம் தாண்டும்போதே போயிருக்கும்."

"திருமங்கலத்துலயா!" ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் இன்னும் அந்த ரோட்டோரம் எங்கேயோ கிடக்கிற மாதிரி கைலாசநாத பிள்ளை வடக்கே பார்த்தார்.

மாஜிஸ்திரேட் விரலை உயர்த்தினார். "பாயிண்டு. அது எங்க வாசலுக்கு வருமுந்தியே போனது. அது உம்ம கணக்கு."

"அப்புறம் ஒவ்வொரு வருஷமும் இறங்கும். இளசுல வேகமா, பழசாக ஆக மெதுவா" என்றார் பாட்சா. "யுத்தத்துல பெட்ரோலுக்குப் பதிலா கரி அடுப்பைப் பின்னால மாட்டி, அந்த வாயுவுல ஓட்டினீங்கள்லா, அந்தத் தூசி உள்ள போய் எஞ்சினை அரம் போட்ட மாதிரி ராவிட்டு."

"கேட்டீரா!" என்று துள்ளினார் கைலாசநாத பிள்ளை. "கரி போட்டது நீரு. அது உம்ம கணக்கு."

"பெட்ரோல் கூப்பனுக்குத்தானேவே கிடைச்சுது? யுத்தத்தை நானா ஆரம்பிச்சேன்?"

"பின்னே நானா?"

"சண்டை போடாதீங்க. அதுல பாதி வெள்ளைக்காரன் கணக்கு, அவன் கப்பலேறிட்டான்" என்றார் பாட்சா. "அப்புறம் இந்தா, மூணு வருஷமா சும்மா நிப்பாட்டிப் போட்டிருக்கீங்க பாருங்க, அது."

"நிப்பாட்டினா எப்படித் தேயும்? பத்திரமால்லா வச்சிருக்கேன்" என்றார் மாஜிஸ்திரேட். முதல் தடவையாக அவர் குரல் இறங்கிற்று.

"அதுதான் எல்லாரும் செய்யுத தப்பு. நின்னாலும் வயசாகும்லா? புது மாடல் வரவர இது கிழடு. ரப்பர் காய்ஞ்சு வெடிக்கும், வயரை எலி கடிக்கும், துரு ஏறும். மாசத்துக்கு நாலு நடை ஓட்டி, ஆயில் மாத்தி, வெயில் படாம வச்சிருந்தீங்கன்னா இன்னும் ஒரு ஐநூறு ரூவா நின்னிருக்கும். ரெண்டாங்கையா வாங்கியிருந்தா அந்தத் திருமங்கலத்துக் காசு மிச்சம். எல்லாத்தையும் விட, விக்க வேண்டிய நேரத்துல வித்திருக்கணும். நாப்பத்தி நாலுல புது வண்டி கப்பல்லயே வரலை. பழசெல்லாம் புதுசை விட விலை போச்சு. மிலிட்டரி காண்டிராக்டர் ஒருத்தரு இதே வண்டிக்கு ஏழாயிரம் தாரேன்னு என்னைய அனுப்பினாரு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ரெண்டு சம்பந்திகளும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். சீரை விற்கிறதாவது, என்ன குடும்பம் என்று நினைத்தாய் என்று பாட்சாவை அன்றைக்கு ரெண்டு பேருமாகச் சேர்ந்துதான் விரட்டியிருந்தார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் சுந்தரிக்கும் அந்த வருஷம் ஞாபகம் இருந்தது. அந்த ஆடித்தபசுக்கு வந்திருந்த அப்பாவிடம் இதே புரைக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னாள்: "இங்க என்னால முடியலைப்பா, என்னையக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க." அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயசு. போயிருந்தால் பள்ளிக்கூடத்து டீச்சர் வேலைக்காவது படித்திருப்பாள். அப்பா காரின் மட்கார்டை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, "ஊரெல்லாம் இந்தக் காரைத்தான் பேசுதான். இப்பப் போயி கேவலப்படுத்தாத மக்கா, பொறுத்துக்கோ" என்றார்.

பாட்சா கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டார். "அட! உள்ள சீட்டு மட்டும் புதுப் பொண்ணு மாதிரி இருக்கு. ஒரு கறை இல்ல, கிழிசல் இல்ல. இதுக்கு வேணும்னா ஒரு அம்பது ரூவா கூட்டிக்கிடலாம்."

"அது எங்க வீட்டுப் பெண்டுக பழக்கம்" என்றார் மாஜிஸ்திரேட், பெருமையாக.

சுந்தரி கையில் இருந்த கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு நின்றாள். ரெண்டாவது தடவை அவளுக்கு உதிரம் கண்டபோது வலி பொறுக்கமாட்டாமல் இந்தக் காரின் படியில் கால் வைத்துவிட்டாள். மாமியார் முத்துமீனாள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "ஏட்டி, சீட்டுல பட்டா போகுமா? வெள்ளைத் தையலு!" மாட்டு வண்டி கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே வைக்கோலில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு ஐம்பது ரூபாய் கூட்டியாகிவிட்டது.

வெளியே ரெண்டு பேரும் கணக்கில் இறங்கியிருந்தார்கள். திருமங்கலம் உமக்கு, கரி எனக்குப் பாதி, எலி எனக்கு, புது மாடல் யாருக்கும் இல்லை, ஏழாயிரத்தை விட்டது ரெண்டு பேருக்கும். கடைசியில் மாஜிஸ்திரேட் பாகத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய் வந்து நின்றது.

"காரையும் தந்து ஆயிரத்து இருநூறும் தரணுமா? சல்லி தரமாட்டேன்" என்றார் அவர்.

"அப்போ என் பொண்ணும் வரமாட்டா" என்றார் கைலாசநாத பிள்ளை. "குறைச் சீரோட பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயி இறங்கினா சிவகிரியில என்ன சொல்லுவான்? கைலாசநாதன் நாலாயிரத்து ஐநூறு ரூவா கொடுத்தான், ஆயிரத்து நானூத்தம்பதா திரும்பி வந்திருக்குன்னு காறித் துப்புவான்."

சுந்தரி வெளியே வந்தாள். ஆண்கள் பேசும் இடத்துக்கு அந்த வீட்டு மருமகள் வருவது வழக்கமில்லை. முத்துமீனாள் பின்னாலேயே, "ஏட்டி, ஏட்டி" என்று முந்தானையைப் பிடிக்க வந்தாள்.

"அப்பா" என்றாள் சுந்தரி. "கார் வேண்டாம். ஆயிரத்து இருநூறும் வேண்டாம். நகையும் இங்கனயே இருக்கட்டும். என்னைய மட்டும் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன்."

முதலில் சுதாரித்தவர் மாஜிஸ்திரேட். "பாட்சா, கேட்டியா? ஒண்ணும் வேண்டாமாம். சாட்சி வச்சுச் சொல்லுதா. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலை, ரிக்கார்டு ஆயிட்டு."

"வாயை மூடுட்டி!" என்று கத்தினார் கைலாசநாத பிள்ளை. "ஒங்க அத்தை மாதிரி ஓடிவந்து நிக்கலாம்னு பாக்குதியா? உள்ள போ!"

சுந்தரி போகவில்லை. புருஷனைப் பார்த்தாள். தூணோரம் நின்ற குற்றாலநாதன் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைலாசநாத பிள்ளை காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நடந்துவிட்டு பாட்சாவிடம் மெதுவாகக் கேட்டார். "ஏன் பாய், வித்தாத்தானே ஆயிரத்து நானூத்தம்பது?"

"ஆமா அண்ணாச்சி."

"விக்கவும் இல்ல, திருப்பி வாங்கவும் இல்ல. அப்படியே நிக்கு. அப்ப அது என்ன விலை?"

தரகு நழுவுவது பாட்சாவுக்குத் தெரிந்துவிட்டது. சலிப்போடு எண்ணெய்த் துணியை உதறினார். "விக்காத வண்டிக்கு ஏது விலை? நீங்க வாயால என்ன சொல்லுதீங்களோ, அதுதான் விலை."

கைலாசநாத பிள்ளையின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. எட்டு வருஷமாக விலை இறங்கிக்கொண்டே வந்த கார் அந்த நிமிஷத்தில் மறுபடியும் நாலாயிரத்து ஐநூறு ரூபாய்க்குப் போய் நின்றது. திருமங்கலத்தில் போனதுகூடத் திரும்பி வந்துவிட்டது.

"சம்பந்தி" என்று தோளில் கை போட்டார். "நாம எதுக்கு வே அடிச்சுக்கிடுதோம்? எடுத்தாத்தானே நட்டம்? காரு இங்கனயே நிக்கட்டும். நகை அவ கழுத்துலயே கிடக்கட்டும், கிடக்கக் கிடக்க ஏறத்தான் செய்யும். உம்ம மகனுக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணணும்னா பண்ணிக்கிடும். மூத்தவ மூத்தவளா இருந்துட்டுப் போறா. நான் ஒண்ணையும் கேக்கலை."

மாஜிஸ்திரேட் கண்ணை மூடித் தீர்ப்பு யோசிக்கிறவர்போல நின்றார். ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுக்க வேண்டாம். நகை வெளியே போகாது. தை மாசம் பொண்ணு அழைப்புக்குக் கார் வாடகை இல்லை. இதற்கு யோசிக்க ஒன்றுமில்லை என்றாலும் கௌரவத்துக்காகக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நம்ம ரெண்டு குடும்ப மானத்தையும் உத்தேசித்து ஒத்துக்கிடுதேன்" என்றார்.

முத்துமீனாளும் வாசற்படியிலிருந்து சொன்னாள்: "இருக்கட்டுமே. வாரவ சின்னப் பிள்ளை. கூடமாட ஒரு ஆளு வேணும்லா?"

"அப்பா" என்றாள் சுந்தரி மறுபடியும். அவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

பாட்சா தன் நடைக்கூலி ஒரு ரூபாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போகிறபோது அவளை ஒரு பார்வை பார்த்தார். அது பரிதாபமா, கைநழுவின வண்டிக்கான வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

சாப்பாடு தடபுடலாக நடந்தது. எட்டு வருஷத்தில் சம்பந்திகள் ரெண்டு பேரும் இத்தனை சந்தோஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. சுந்தரிதான் பரிமாறினாள். அப்பாவின் இலையில் ரசம் ஊற்றும்போது அவர் தலையை நிமிர்த்தாமல், "புளி தூக்கலா இருக்கு மக்கா" என்றார். "நல்லாருக்கு."

கை கழுவியதும் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. "நீரு பஸ்ஸுலயும் ஜட்காவுலயும் போறதாவது! நம்ம காருல கொண்டு விடுதோம். கரிவலம் வழியா ஒரு சுத்து, நானும் வாரேன். ஊர் பாக்கட்டும்." நாலாயிரத்து ஐநூறு ரூபாய்க் காரில் சிவகிரியில் போய் இறங்குவது கைலாசநாத பிள்ளைக்கும் பிடித்திருந்தது. பெண்ணைக் கொண்டுவரப் போனவர் காரில் வந்து இறங்கினால், காரியம் கௌரவமாக முடிந்தது என்றுதானே அர்த்தம்?

குற்றாலநாதன் புரைக்குப் போய்ச் சுழற்றுக் கம்பியை முன்னால் செருகிச் சுழற்றினான். கார் இருமிற்று. மறுபடி சுழற்றினான். வேட்டி நனைகிற அளவுக்கு வேர்த்துவிட்டது, கார் அசையவில்லை. பெரியவர்கள் ரெண்டு பேரும் அதற்குள் ஏறி, பின் சீட்டில் வசதியாகச் சாய்ந்துவிட்டார்கள். ஏறினவர்கள் இறங்குவது மரியாதையாக இருக்காது.

"தள்ளினா பிடிச்சிரும்பா" என்றான் குற்றாலநாதன்.

"தெருவுல ஆளைக் கூப்பிட்டிராத. பிள்ளைவாள் வீட்டுக் காரைத் தள்ளுதாவன்னு பேச்சாயிரும். பின் சந்துல யாரும் இல்ல. பெண்டுகளைக் கூப்பிடு."

முத்துமீனாளுக்கு முட்டு வலி. அன்னக்கிளியும் சுந்தரியும் பின்னால் வந்து நின்றார்கள். குற்றாலநாதன் உள்ளே ஏறிக் கியரைப் போட்டுக்கொண்டு, "ம்" என்றான். ரெண்டு பேரும் தள்ளினார்கள். முதலில் அசையவே இல்லை. மாஜிஸ்திரேட் சொன்னது சரிதான். எடையில் ஒரு பலம் குறையவில்லை. சுந்தரி காலை மண்ணில் ஊன்றி, தோளைக் கொடுத்தாள். சக்கரம் புரையின் கல்லைத் தாண்டிச் சந்தில் இறங்கிற்று.

பின்கண்ணாடிக்குள் அப்பாவின் தலை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது பக்கத்து ஜன்னலுக்கு வந்து வெளியே நீண்டது. சுந்தரி தள்ளிக்கொண்டே முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"மெள்ள, மெள்ள" என்றார் அவர். "பெயிண்டுல வளையல் பட்டுக் கீறிராம, முழங்கையக் கொடுத்துத் தள்ளு மக்கா."

அவள் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு தள்ளினாள்.

சந்து முக்கு திரும்புகிற இடத்தில் எஞ்சின் வெடிச் சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. கார் அவள் கைகளை விட்டு முன்னே பாய்ந்தது. தள்ளின வேகத்தில் ரெண்டு எட்டு ஓடி, விழாமல் நின்றாள். முகமெல்லாம் கறுப்புப் புகை. புகை அடங்கினபோது கார் ரதவீதியில் ஏறி, யாரோ மாட்டு வண்டிக்காரனை ஹாரன் அடித்து விரட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"போயிட்டாவம்மா" என்றாள் அன்னக்கிளி. முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, சுந்தரியின் முகத்தையும் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து முத்துமீனாள் கூப்பிட்டாள். "ஏட்டி, சந்துலயே நின்னுக்கிட்டு என்ன செய்யுத? எச்சில் இலையெல்லாம் அப்படியே கிடக்கு பாரு."